முருங்கையில் கட்டிய கயிறு

போன மே மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் விழுந்ததில் என் பேரனுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. நான்கு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து வீட்டில் கயிறு என்ற பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். என் தம்பி ஒரு படி மேலே போய், "மரத்தையெல்லாம் வெட்டிட்டு கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டுடுண்ணே. குப்பையும் விழாது, வம்பும் இருக்காது" என்கிறான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஸ்லாக்லைன் என்று பெயர். கட்டில் நாடா போல, ஆனால் இரண்டு அங்குல அகலத்தில் கெட்டியான பட்டை. அதை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி அதன் மேல் நடக்க வேண்டும். தலைக்கு மேலே இன்னொரு பட்டை கட்டி அதில் வளையம், முடிச்சுக் கயிறு, மரப்படி எல்லாம் தொங்கவிட்டால் பிள்ளைகள் தாவித் தாவிப் போகலாம். அமெரிக்காவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மலையேறுகிறவர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்த விளையாட்டாம். நம் ஊர்த் தெருவில் கழைக்கூத்தாடி நடந்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

மாப்பிள்ளை ஒரு முனையை மாமரத்தில் கட்டினார். மறுமுனைக்குத் தோதாக 24 அடி தள்ளி முருங்கை நின்றது. அதில் கட்டினார். பக்கத்தில் துணி துவைக்கும் கல்லும் சிமெண்ட் தரையும். பேரனும் பேத்தியும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். முருங்கை மூன்றடி உயரத்தில் மடக்கென்று முறிந்தது. பேத்தி மண்ணில் விழுந்தாள், பேரன் சிமெண்டில்.

இதில் விளையாட்டின் தவறு எங்கே இருக்கிறது? முருங்கை பட்டுப்போன குச்சி மாதிரி உடையும் என்று நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முருங்கை ஏறினவன் கதை கேட்காத வீடு உண்டா?

எனக்கு அதற்கு மேலும் தெரியும். 34 வருடம் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தவன். கம்பத்துக்குக் கம்பம் கம்பியைத் தொய்வு விட்டுத்தான் இழுப்போம். தொய்வு குறைந்தால் இழுவிசை ஏறும். கணக்கு எளிது. ஆளின் எடையை மரங்களின் இடைவெளியால் பெருக்கி, நடுவில் விழும் தொய்வைப்போல் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 52 கிலோ. இடைவெளி 24 அடி, தொய்வு ஒரு அடி. மரத்தை இழுத்த விசை 300 கிலோவுக்கு மேல். குதித்தால் இன்னும் கூடும். 52 கிலோவை ஒரு மரம் தாங்காதா என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஏன்? மாப்பிள்ளை செய்வதில் குறை சொன்னால் மரியாதையாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். பேரனின் கை உடைந்ததற்கு முருங்கை பாதிக் காரணம் என்றால், என் மரியாதை மீதிப் பாதி.

நம் வயதுக்காரர்களிடம் இரண்டே பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, "அதெல்லாம் பாத்துக்கலாம்." அடிபட்ட பிறகு, "அதெல்லாம் வேண்டவே வேண்டாம்." நடுவில் "இப்படிச் செய்" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. கொல்லையைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, பிள்ளைகள் செல்போனையே பார்க்கிறார்கள் என்று புலம்புவதில் என்ன நியாயம்?

எப்படிக் கட்டுவது என்று சொல்லிவிடுகிறேன். உயிருள்ள, நேராக நிற்கிற, ஒரு அடிக்குக் குறையாத குறுக்களவுள்ள மரம் வேண்டும். வேம்பு, மா, புளி சரி. முருங்கை, பப்பாளி, வாழை கூடாது. தென்னை தாங்கும், ஆனால் தலையில் காய் விழும். பொந்து, கரையான், பட்டுப்போன கிளை இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். மரத்தின் உணவு பட்டைக்கு அடியில்தான் ஓடுகிறது. கயிறு அதை நெரித்தால் மரம் செத்துவிடும். சாக்கையோ பழைய கம்பளத்தையோ நாலாக மடித்துச் சுற்றி, அதன் மேல் அகலப் பட்டையைக் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள்.

நடக்கும் பட்டை பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆள் ஏறினால் நடுவில் தரையைத் தொடாமல் இருந்தால் போதும். கீழே மணலோ புல்லோ. கல், கிணற்றுச் சுவர், துளசி மாடம் பக்கத்தில் இருக்கவே கூடாது. பட்டையை இறுக்கும் ராட்செட், லாரியில் சரக்குக் கட்டுவார்களே, அதேதான். அது அறுந்து தெறித்தால் ஆளைக் காயப்படுத்தும். அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பெரியவர்தான் இறுக்கவும் தளர்த்தவும் வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு பிள்ளை. கழுத்தில் துப்பட்டா, சங்கிலி கூடாது. முதலில் பெரியவர் ஒருவர் ஏறி அசைத்துப் பார்க்க வேண்டும்.

விளையாடி முடிந்ததும் அவிழ்த்து உள்ளே வையுங்கள். வெயிலில் கிடந்தால் பட்டை மக்கும். தொங்கும் கயிறு சின்னக் குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. இருட்டில் தடுக்கி விழப்போவதும் நாம்தான்.

இவ்வளவுதான். இதற்கு மரத்தை வெட்ட வேண்டுமா, தம்பி?

வருகிற விடுமுறைக்கு மாமரத்துக்கும் வேம்புக்கும் நடுவே கட்டப்போகிறேன். இடைவெளி 28 அடி, அளந்துவிட்டேன். மணல் ஒரு வண்டி சொல்லியிருக்கிறேன். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வந்ததும் இந்த முறை காப்பியைக் கீழே வைத்துவிட்டு நானே போய் அவர் பக்கத்தில் நிற்பேன்.