குழாய்க்குள் துல்லியம், மண்ணில் ஊகம்

புனே நகரின் வடமேற்கே முளா ஆற்றங்கரையில் உள்ள தாபோடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் 2023 முதல் இயங்கும் மெட்ரோ நிலையமும் நெருங்கிக் கிடக்கின்றன. இத்தகைய இடத்தில் 400 கிலோவோல்ட் கோபுரங்களுக்கு இடம் காண்பது அரிது. அங்கே பேராற்றலைக் கொண்டுசெல்லும் வழிகளுள் ஒன்று வாயுக் காப்பு மின்தடம்: அலுமினியக் குழாய்க்குள் அலுமினியக் கடத்தி, இடையில் அழுத்தமூட்டிய வாயு. 1975இல் ஜெர்மனியின் ஷ்லூக்ஸேயில் நிறுவப்பட்ட தடம் இத்துறையின் முன்னோடி.

இத்தடம் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது வெப்பமே. கடத்தியிலும், தூண்டப்பட்ட மின்னோட்டம் பாயும் வெளிக்குழாயிலும் வெப்பம் பிறக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து மீட்டருக்கு 10 மைக்ரோ ஓம் மின்தடை எனக் கொண்டால், 3000 ஆம்பியரில் ஒரு கட்டத்துக்கு மீட்டருக்கு 90 வாட். மூன்று கட்டங்களுக்கு 270 வாட். மின்னோட்டம் பத்து விழுக்காடு கூடினால் வெப்பம் 21 விழுக்காடு கூடும். கடத்தியின் வெப்பம் வாயுவின் சலனத்தாலும் கதிர்வீச்சாலும் வெளிக்குழாயை அடைகிறது. புதைத்த தடமாயின், அங்கிருந்து மண்ணின் வழியாகவே வெளியேற வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் உழைப்பு முதற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. வாயுவின் சுழற்சி நுண்ணிய வலைக்கண்களில் கணக்கிடப்படுகிறது. மண்ணுக்கோ நூலிலிருந்து எடுத்த ஒற்றை எண் போதுமென்று விடப்படுகிறது. இது முறையன்று. ஈர மண்ணின் வெப்பத் தடை எண் ஏறத்தாழ 1 எனின், உலர்ந்தபின் அது 2.5ஐ எட்டக்கூடும். அப்போது மண்ணால் விளையும் வெப்பநிலை உயர்வும் இரண்டரை மடங்காகும். மண் ஒன்றே தடையெனக் கொண்டால், கடத்தத்தக்க மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தடத்தின் வெப்பமே ஈரத்தை விரட்டுவதால் இந்நிலை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

புனே வட்டாரத்தின் கரிசல் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். வெடிப்பில் புகும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். மின்விசிறிகளும் குளிரூட்டிகளும் ஓயாத மே மாதத்தில்தான் மண்ணும் மிக வறண்டிருக்கும். ஆண்டுச் சராசரியைக் கொண்டு வரைந்த மாதிரி, மிகவும் தேவைப்படும் நாளில் பொய்த்துவிடும்.

பாதுகாப்பு இடைவெளி போதுமே என்பது வழக்கமான விடை. அளக்காமல் விடும் இடைவெளி எவ்வளவு என்று எவரும் அறியார். அது மிகுந்தால் அலுமினியம் வீண். குறைந்தால் காப்புத் தாங்கிகள் விரைந்து முதுமையடையும். பழுதுபார்க்கக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் வாயுவைச் சிந்தாமல் மீட்டெடுக்க வேண்டும். சல்பர் ஹெக்ஸாபுளோரைடு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 23,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவது. ஜெனீவாவில் 2001இல் அமைத்ததுபோல் பெரும்பகுதி நைட்ரஜன் கலந்தாலும் அக்கவலை குறையுமேயன்றி நீங்காது.

ஆகவே வரிசை மாறவேண்டும். தடம் செல்லும் வழியெங்கும் மண்ணின் வெப்பத் தடையை மழைக்குப் பின்னும் கோடை முடிவிலும் அளக்கவேண்டும். வெப்பம் கடத்தும் நிரப்பு மண்ணைக் குழாயைச் சுற்றி இடவேண்டும். ஒளியிழை உணரிகளால் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிந்து, மாதிரியை ஆண்டுதோறும் திருத்தவேண்டும். அவ்வளவீடுகள் பொதுவில் வைக்கப்பட்டால் அடுத்த நகரம் ஊகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வாயுவின் சலனத்தைக் கணிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் மண்ணுக்குக் காட்டாத ஆய்வு, தன் வேலையில் பாதியையே செய்திருக்கிறது.