கணினி சாட்சியா, நீதிபதியா?

தண்ணீரின் அருமையை யாழ்ப்பாணத்து விவசாயிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத மண்ணிலே, மாரி மழையையும் கிணற்றையும் நம்பி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தவன் அவன். ஆயினும், தன் கிணற்றை மட்டுமே அவன் காண்கிறான். அயலவர் கிணறுகளும் அதே சுண்ணாம்புப் பாறையின் நீரையே பங்கிடுகின்றன என்பதைக் கண்ணாற் காண இயலாது.

காண இயலாததைக் கணக்கிட்டுக் காட்டுவதே கணினி மாதிரியின் பணி. நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புகும் மழைநீர் எவ்வளவு, இறைக்கப்படுவது எவ்வளவு, அயற்கட்டத்துக்கு ஓடுவது எவ்வளவு என்று அது கணக்கு வைக்கிறது. அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் திணைக்களம் 1984 இல் வெளியிட்ட 'மொட்ஃபுளோ' என்னும் நிரல் இம்முறையில் இயங்குவது. பின்னர் வந்த நிரல்கள் உப்பின் நகர்வையும் சேர்த்துக் கணிக்கின்றன.

எமக்கு இதனால் என்ன? நிலத்தடியிலே நன்னீர் உவர்நீரின் மீது மிதக்கிறது. புத்தூர் நிலாவரையின் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர் என்பதை எம்மவர் அறிவர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டு என்பது அறிஞர் வகுத்த விதி. அந்த 1 அடி குறையுமாயின், காலப்போக்கில் உவர் 40 அடி மேலேறும்! துலா மிதித்த காலத்தில் மனித உடலின் களைப்பே வரம்பு வகுத்தது. இயந்திரத்துக்குக் களைப்பேது? இறைப்பைக் காற்பங்கு குறைத்தால் என்ன நிகழும்? இரண்டாண்டு மழை பொய்த்தால்? குளங்களைத் தூர்வாரினால்? ஒரு தோட்டத்தையேனும் பலியிடாமல் இவற்றை மாதிரியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், சாட்சி கூறுபவன் நீதிபதியாகிவிட மாட்டான். மாதிரியும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட சாட்சியே. எமது பாறையிலே குகைகளும் வெடிப்புகளும் உண்டு. அதனைச் சீரான மணலாகக் கருதிய கணக்குப் பொய்க்கும். "கணினி சொல்லிவிட்டது" என்று கூறி விவசாயியின் வாயை அடைப்பதை நாம் ஒருபோதும் ஏற்கோம்.

ஆகவே, நீர்த்திட்டம் எதுவாயினும், அதன் மாதிரியும் எடுகோள்களும் அளவுகளும் தமிழிலே மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். எமது பொறியியலாளர் அவற்றைச் சோதிக்கட்டும். விவசாயப் பெருமக்களும் வாளாவிராது, தத்தம் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பார்களாக. அக்குறிப்பினும் வலிய சாட்சியம் வேறில்லை. கிணறு உவரான பின்னர் வழக்காடிப் பயனென்ன?