கோடை மழையும் மலைச் சுனையும்

மார்ச், ஏப்ரலில் பெய்யும் முதல் மழையை ஏற்காட்டின் காப்பித் தோட்டத்தார் வானம் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த மழை பெய்தால்தான் செடிகள் பூக்கும். சுகாதாரத் துறையும் அதே மழைக்குக் காத்திருக்க வேண்டும், காரணம்தான் வேறு.

மழைக்கும் வயிற்றுப்போக்குக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. ஆனால், மழை பெய்தாலே நோய் பெருகும் என்று சொல்லிவிட முடியாது. ஈக்வடாரின் வடபகுதிச் சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. வறண்ட வாரங்களுக்குப் பின் பெய்த கனமழை வயிற்றுப்போக்கை 39 சதவீதம் உயர்த்தியது. ஈரமான வாரங்களுக்குப் பின் பெய்த கனமழையோ 26 சதவீதம் குறைத்தது. வறட்சியில் நிலத்தில் சேர்ந்த அழுக்கை முதல் பெருமழை மொத்தமாக நீர்நிலைக்குள் தள்ளிவிடுகிறது; தொடர்ந்து பெய்யும் மழை அதன் செறிவைக் குறைக்கிறது.

இதைச் சேர்வராயன் மலையில் பொருத்திப் பார்த்தால் கவலை கூடுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள இம்மலை, சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. மணற்பாங்கான சமவெளியில் நீர் மெல்ல இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். பாறை விரிசலில் ஓடும் நீருக்கு அந்த அவகாசம் இல்லை. மேட்டில் ஒரு விடுதியின் கழிவுநீர்க் குழியும் சரிவில் ஒரு சிற்றூரின் சுனையும் இருந்தால், ஒரே மழை இரண்டையும் இணைத்துவிடக்கூடும்.

காலமும் ஒத்துப்போகிறது. சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போதுதான் மலையில் கூட்டம் பெருகுகிறது. கோடை விழாவும் மே மாதத்தில்தான். சுனைகள் வற்றி, கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பியிருக்கும் நாள்கள் அவை.

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால், காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே, பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், நிலம் ஏற்கெனவே நனைந்திருந்தது. அதில் பாதி மழை ஏப்ரல் இறுதியில் கொட்டினால் என்ன ஆகும்?

கனடாவின் வாக்கர்டன் என்னும் சிறு நகரத்தில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழை, மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமிகளை ஆழமில்லாத கிணற்றுக்குள் கொண்டுசேர்த்தது. ஏழு பேர் இறந்தனர், சுமார் 2,300 பேர் நோயுற்றனர். குளோரின் அளவைச் சரிவரக் கவனிக்காததே காரணம் என்று விசாரணை கண்டது. வசதி குறைந்த ஊரல்ல அது.

ஏற்காட்டில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது மறுநாள் காலையே செய்தியாகிவிடுகிறது. வயிற்றுப்போக்குக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போதோ, பெரும்பாலும் மாவட்டக் கணக்காகவே வருகிறது. காவிரி நீரைக் குடிக்கும் சேலம் மாநகரமும், சுனைநீரைக் குடிக்கும் மலைச் சிற்றூரும் அதில் ஒரே எண். மலையில் பத்துப் பேர் படுத்தாலும் அந்த எண் அசையாது. ஒன்றிய வாரியாக, மழை அளவோடு சேர்த்து வெளியிட்டால்தான் அது பயன்படும்.

எச்சரிக்கைக்கான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை என்கிறது வானிலை ஆய்வு மையம். மூன்று வார வறட்சிக்குப் பின் அந்த அளவு மழை பெய்தால், 24 மணி நேரத்துக்குள் சுனைகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் நுண்ணுயிர்ச் சோதனையும் குளோரின் சோதனையும் நடக்க வேண்டும். கலங்கிய நீர் குளோரினை விழுங்கிவிடும் என்பதால், வழக்கமான அளவு அன்று போதாது. காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு நல்லதுதான்; நனைந்த விறகோடு அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும்?

விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்யவும் ஒரு கெடு வேண்டும். அது விழாவுக்கு முந்தைய வாரமாக இருந்தால் பயனில்லை. காப்பி பூக்கும் மழைக்கு முன்பாக, பிப்ரவரி இறுதிக்குள் இருக்க வேண்டும்.