ஆட்சியைக் கேக்காமல் வெட்டாதீங்கோ

சார்புகள் பாடத்தில் ஆட்சியும் வீச்சும் ஒரு சடங்கு மாதிரித்தான் வந்துபோகுது. கணக்கு முழுக்க முடிஞ்ச பிறகு, கடைசி வரியில் "எக்ஸ் 3 இற்குச் சமனல்ல" எண்டு ஒரு குறிப்பு. ரியூசன் கொப்பிகளில் அந்த வரியும் பலநேரம் இல்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆட்சி சார்புக்குப் பின்னால ஒட்டுற நிபந்தனை இல்லை. அது இல்லாமல் சார்பே இல்லை.

எக்ஸ் வர்க்கம் சய 9 ஐ எக்ஸ் சய 3 ஆல் வகுக்கச் சொன்னால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி எக்ஸ் சக 3 எண்டு எழுதுவினம். வரைபு ஒரு நேர்கோடு, வேலை முடிஞ்சுது. ஆனால் முதல் சார்பில் 3 ஐப் போட்டால் மேலயும் பூச்சியம், கீழயும் பூச்சியம். அந்த இடத்தில் கோட்டில் ஒரு ஓட்டை. ஆட்சியில் 3 இல்லாததால் வீச்சில் 6 உம் இல்லை. வெட்டினதும் வெட்டாததும் இரண்டு வேறு சார்புகள்.

வீச்சின் நிலைமை இன்னும் பாவம். எக்ஸ் சக 6 இன் வர்க்கமூலம் எக்ஸுக்குச் சமன் எண்டு வைப்பம். இரு பக்கமும் வர்க்கித்துத் தீர்த்தால் 3, சய 2 என இரண்டு விடை வரும். சய 2 ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் சய 2. "பொருந்தாது, விடுங்கோ" என்று சொல்லிப்போட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவினம். ஏன் பொருந்தாது? வர்க்கமூலக் குறியிலிருந்து மறை எண் ஒருநாளும் வெளியில வராது, அதன் வீச்சு பூச்சியத்தில் தொடங்கி மேலதான். அப்ப வலப்பக்கத்து எக்ஸும் மறையாக இருக்கேலாது. இதைத் தொடங்கும்போதே பார்த்தால் சய 2 என்ற விடைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

(யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிற ஆக்களுக்கு: அவையள் சொல்லுற சார்பகம் எங்கட ஆட்சி, வீச்சகம் எங்கட வீச்சு.)

செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஒரு கல்லை நேரே மேல எறியுங்கோ. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எண்டு எடுத்தால், உயரம் நேரத்தின் 20 மடங்கு சய நேர வர்க்கத்தின் 5 மடங்கு. கல் 20 மீற்றர் வரை ஏறி, 4 ஆவது செக்கனில் நிலத்தில் விழும். அதே சமன்பாட்டில் 5 ஐப் போட்டுப் பாருங்கோ: நிலத்துக்குக் கீழ 25 மீற்றரில் கல்! சமன்பாட்டில் பிழையில்லை. ஆட்சி 4 செக்கனோட முடிஞ்சுது, அதை ஒருத்தரும் எழுதேல்ல.