தாழம்பூவின் சாட்சியம்

திருவண்ணாமலையில் கூடும்போதெல்லாம் நம் எழுத்தாளர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை: அடிமுடி காணாத அக்கினித் தம்பம்தான் இன்றைய இயற்பியல் பேசும் கூடுதல் பரிமாணம், இணைப் பிரபஞ்சங்களை நம்மவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள். கைதட்டல் கிடைக்கிறது. சிந்தனை அங்கேயே நின்றுவிடுகிறது.

இயற்பியல் சொன்னதுதான் என்ன? ஒரு சின்னக் காந்தம் முழுப் பூமியின் ஈர்ப்பையும் மீறிக் குண்டூசியைத் தூக்கிவிடுகிறது. ஈர்ப்பு ஏன் இவ்வளவு பலவீனம்? ஒளியும் பருப்பொருளும் நம் மூன்று பரிமாணங்களுக்குள் அடைபட்டிருக்க, ஈர்ப்பு மட்டும் வேறு பரிமாணங்களுக்குள் கசியலாம் என்றார்கள் 1998இல் அர்க்கனி-ஹமேத், டிமோபுலஸ், ட்வாலி மூவரும். 1999இல் லிசா ராண்டாலும் ராமன் சுந்தரமும் வளைந்த ஐந்தாவது பரிமாணம் ஒன்றை முன்வைத்தார்கள். அதில் நம்முடையதைப் போல் இன்னொரு தளமும் இருக்கலாம். அதன் ஒளி நமக்கு வராது. ஈர்ப்பு வரலாம்.

கற்பனைதான். ஆனால் தோற்கச் சம்மதித்த கற்பனை. கூடுதல் பரிமாணம் போதிய அளவு பெரிதென்றால், மிகக் குறுகிய இடைவெளியில் நியூட்டனின் ஈர்ப்பு விதி பிசக வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 52 மைக்ரான்வரை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள்; விதி பிசகவில்லை. 2017இல் பதிவான, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஈர்ப்பலையிலும் கசிவு தென்படவில்லை. ஜெனீவா அருகே துகள்களை மோதவிட்டுத் தேடிய குறுங்கருந்துளைகளும் அகப்படவில்லை. கூடுதல் பரிமாணம் இல்லையென்று இதனால் முடிவாகிவிடாது. தேடியவர்கள் 'காணவில்லை' என்று எழுதினார்கள், அவ்வளவே.

இப்போது நம் புராணத்துக்கு வருவோம். பன்றியாய் அடி தேடிய விஷ்ணு, காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாய்ப் பறந்த பிரம்மா, முடியைக் கண்டேன் என்று பொய் சொன்னார். தாழம்பூ அதற்குச் சாட்சி. அதனாலேயே சிவபூஜைக்குத் தாழம்பூ ஆகாது என்கிறார்கள். காணாததைக் கண்டேன் என்பதை மன்னிக்காத கதை இது. அதை வைத்துக்கொண்டே 'அன்றே கண்டோம்' என்பவர்கள் கதையைக்கூடச் சரியாகப் படித்தவர்களில்லை.

அந்தத் தம்பம் ஒரு மகத்தான படிமம். அதற்கு இயற்பியலிடம் சான்றிதழ் வாங்கப் போவது பக்தியுமில்லை, விஞ்ஞானமுமில்லை. தன் படிமத்தின்மேல் நம்பிக்கை போய்விட்ட தாழ்வு மனப்பான்மை. 'இணைப் பிரபஞ்சம்' என்ற சொல்லை ஒட்டவைத்துத் தன் வரிக்கு ஆழம் தேடும் புதுக்கவிஞனின் நோயும் இதுவே.

தாழம்பூவுக்கு மணம் உண்டு. சாட்சி சொல்லத்தான் அதற்கு யோக்கியதை இல்லை.