வீட்டுப் பொருளை விற்பவர் வியாபாரி அல்லர்

இணைய விற்பனைத் தளங்கள் குறித்து எங்கள் நுகர்வோர் சங்கத்தின் நிலைப்பாடு

போன ஆடி மாதம் ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். மனைவி காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அந்த அம்மா முப்பது வருடம் மிதித்த தையல் மெஷின் கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. தைக்கத் தெரிந்த யாருக்காவது போய்ச் சேரட்டும் என்று பேரனை விட்டுப் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டார். விலை 4,500 ரூபாய்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவன் தான் ராணுவத்தில் இருப்பதாகவும், இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதாகவும், மெஷினை எடுக்க வண்டி அனுப்புவதாகவும் சொன்னான். சீருடையில் நிற்கும் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்தன. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. “ஐயா, முதல்ல அஞ்சு ரூபா போட்டுப் பாப்போம். நான் அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்றான். போட்டார். ஐந்து ரூபாய் போனது, உடனே பத்து ரூபாய் வந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கோடு 4,500 ரூபாய்க்கு. பணம் போனது, வரவில்லை. “சர்வர் பிரச்சனை, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துரும்” என்றான். போட்டார். அதற்குப் பிறகும் ஒரு முறை போட்டார். 13,500 ரூபாய் போய்விட்டது. மெஷின் இன்னும் அதே கூடத்தில்தான் இருக்கிறது.

“நான் விக்கத்தானே போனேன், எனக்கு எப்படிங்க பணம் போகும்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த அறிக்கையை எழுத வைத்தது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருக்கும் ஒரு பொருளை, வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ இணையத்தில் விற்கிறவர் வியாபாரி அல்லர். அவர் அந்தத் தளத்தின் சேவையைப் பயன்படுத்தும் சாதாரணக் குடிமகன். வாங்குகிறவருக்குச் சட்டம் தரும் குறைதீர்ப்பு வழி அவருக்கும் வேண்டும். அவருடைய விளம்பரத்தாலும், அதைப் பார்க்க வரும் கூட்டத்தாலும் வருமானம் பார்க்கிற தளம், அவருக்கு நேரும் இழப்பில் தனக்குப் பங்கே இல்லை என்று ஒதுங்கக் கூடாது.

சட்டத்தில் இந்த மனிதர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் மனசு கனக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், தொழிலாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் விற்பனைக்குத் தாங்கள் பொருந்தமாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. அது நல்ல எண்ணத்தில் வைத்த விலக்கு. பழைய கட்டிலை விற்கிற குடும்பத்தின் தலையில் ஒரு கடைக்காரரின் கடமைகளை ஏற்ற வேண்டாம் என்பதுதான் அதன் நோக்கம். வரிச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருள்களை, நகை போன்ற சிலவற்றைத் தவிர, மூலதனச் சொத்தாக அது கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சுமையிலிருந்து விலக்கியபோது பாதுகாப்பிலிருந்தும் சேர்த்து விலக்கியதுபோல ஆகிவிட்டது. அதே விதிகளின்படி, நுகர்வோர் புகார் கொடுத்தால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விற்கப் போனவர் இதைக் கேட்டால், “நீங்கள் நுகர்வோர் அல்ல, விற்பனையாளர்” என்று பதில் வருகிறது. விற்பனையாளருக்கான உதவிப் பிரிவைத் தேடினால் அது ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் கடைகளுக்காக அமைந்திருக்கிறது. இலவசமாக விளம்பரம் போட்டவர் என்றால், காசு கொடுத்துச் சேவை பெறாதவர் நுகர்வோரே இல்லை என்று இன்னொரு கதவும் அடைபடுகிறது.

தளங்கள் தரப்பில் சொல்லப்படும் வாதம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் வெறும் அறிவிப்புப் பலகை, யாரோ எழுதி ஒட்டுகிறார்கள், யாரோ படிக்கிறார்கள் என்பதுதான் அது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79ஆம் பிரிவில் இடைநிலையாளர்களுக்குப் பாதுகாப்பு தருவதும் உண்மை. அந்தப் பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் யாரும் இப்படி ஒரு தளமே நடத்த முடியாது. ஆனால் அறிவிப்புப் பலகை காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சீட்டை மேலே ஏற்றி மற்றவர் சீட்டைக் கீழே தள்ளுவதில்லை. காரணம் சொல்லாமல் ஒரு சீட்டைக் கிழிப்பதில்லை. “உங்கள் விளம்பரம் யார் கண்ணிலும் படவில்லை, 199 ரூபாய் கட்டினால் படும்” என்று தினமும் செய்தி அனுப்புவதில்லை. இவ்வளவும் செய்கிற இடம் பொறுப்பு என்று வரும்போது மட்டும் பலகையாகிவிடுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

பணம் கட்டி விளம்பரத்தை மேலே ஏற்றிய பிறகு அதே விளம்பரத்தை ‘விதிமீறல்’ என்று நீக்குவதும் நடக்கிறது. எந்த விதி என்று கேட்டால் பதினைந்து பக்க நிபந்தனைகளின் இணைப்பு வருகிறது. கட்டிய பணம் திரும்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு தளம் பயனரின் பதிவை நீக்கினால், என்ன காரணம், எந்த விதி, எப்படி மேல்முறையீடு செய்யலாம் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். அவர் கடைக்காரரா வீட்டுக்காரரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. அந்த மரியாதை நம் ஊரில் பழைய சைக்கிள் விற்கும் பள்ளி மாணவனுக்கும் கிடைக்க வேண்டும். தமிழிலேயே கிடைக்க வேண்டும்.

மறுபடி பணத்துக்கு வருகிறோம், வருகிற புகார்களில் வலி அதிகம் அங்கேதான். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை; பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் தையல் மெஷின் பெரியவரின் பணம் பிழைத்திருக்கும். தனிநபருக்குத் தனிநபர் ‘பணம் கேட்கும்’ கோரிக்கை அனுப்பும் வசதியைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லும் ஏமாற்று அதனால் நிற்காது. தளத்தின் உரையாடல் பெட்டியில் ஒருவர் கோடு படத்தை அனுப்பும்போதே, “பணம் பெற ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் போடாதீர்கள்” என்று தமிழில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரட்டும். உரையாடலை வாட்ஸ்அப்புக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் வரட்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. விளம்பரத்துக்குக் காசு கட்டச் சொல்லும் செய்தியை இத்தனை நேர்த்தியாக அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

இன்னொரு வகைக் கஷ்டம் இருக்கிறது. அதில் விற்றவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார், ஏமாந்திருக்கவும் மாட்டார். எங்களிடம் வந்த ஒரு அம்மா பழைய ஃபிரிட்ஜை 9,000 ரூபாய்க்கு விற்றார். வாங்கியவர் நேரில் வந்தார், பணத்தை அனுப்பினார், டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். ஐந்து வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால், வேறொரு மாநிலத்து சைபர் பிரிவு கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். அந்த 9,000 ரூபாய் யாரிடமோ திருடிய பணத்தின் ஒரு துளி. கணவரின் குடும்ப ஓய்வூதியம் விழுவதும் அதே கணக்கில்தான். அரிசி வாங்கப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினேன் என்று சொன்னபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், மீதிப் பணம் அவர் சோற்றுக்கு உரியது. காவல் துறையும் வங்கிகளும் இதையே வழக்கமாக்க வேண்டும். தளமும் தன் பங்குக்கு, இந்த நாளில் இந்தப் பொருளுக்கு இந்த உரையாடல் நடந்தது என்று விற்றவர் கேட்ட உடனே சான்று தர வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், நான் பொருள் விற்றேன், திருட்டில் எனக்குப் பங்கில்லை என்று அவர் நிமிர்ந்து சொல்லலாம். இப்போது விளம்பரம் விற்றதாகக் குறித்த கொஞ்ச நாளில் உரையாடலே காணாமல் போய்விடுகிறது.

வண்டி விற்பவர்கள் கதை தனி. பைக்கை விற்று, கையெழுத்துப் போட்ட படிவத்தையும் ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாங்கியவர் தரகராக இருப்பார். பெயர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்பார். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம் என்று பழைய சொந்தக்காரரின் போனுக்குச் செய்தி வரும்போதுதான் விஷயம் தெரியும். அபராதத்தோடு போனால் புண்ணியம். விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இதுதான் நிலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தானே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்கான படிவம் 29 என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி விளம்பரங்களை ஏற்கும் தளம், ‘விற்றாயிற்று’ என்ற பொத்தானை அழுத்தியதும் அந்தப் படிவத்தையும் கெடு நாளையும் விற்றவர் கண்முன் வைக்க வேண்டும்.

கடைசி விலை என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு மறைகிற நாற்பது பேர், ஞாயிறு காலை வருகிறேன் என்று சொல்லிக் காக்க வைத்து வராதவர்கள், வாசலில் வந்து நின்று பேசிய விலையில் பாதி கேட்பவர்கள் ஆகியோருக்குச் சட்டம் கொண்டுவர முடியாது. ஆனால் வாங்குகிறவர் விற்றவரை மதிப்பிடுவதுபோல விற்றவரும் வாங்குகிறவரை மதிப்பிட வழி இருந்தால் இது பாதி குறையும்.

பெண்கள் சொல்வதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வாஷிங் மெஷின் விற்கப் போட்ட நம்பருக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் வருகிறது. முன்பின் தெரியாத ஆண்கள் வீட்டுக்குள் வந்து பொருளைப் பார்க்கிறார்கள். பொருளை விற்க நம்பரை ஊருக்கே காட்டத்தான் வேண்டும் என்ற நிலையை இன்றே மாற்றலாம். எண்ணை மறைத்துப் பேசவைக்கும் வசதி வாடகைக் கார் செயலிகளில் ஏற்கெனவே இருப்பதுதான். அமெரிக்காவின் பல ஊர்களில் காவல் நிலைய வாசலில் கேமரா பார்வையில் ஓர் இடத்தைப் பொருளைக் கைமாற்றுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் காவல் நிலையங்களிலும் தபால் நிலையங்களிலும் அப்படி ஓர் இடம் ஒதுக்கும்படி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

விற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்ரசர் போன ஃபிரிட்ஜை ‘நல்ல கண்டிஷன்’ என்று விற்றுவிட்டு எங்களிடம் பாதுகாப்பு கேட்டு வராதீர்கள். வாங்குகிறவரும் உங்களைப் போல ஒரு சம்பளக்காரர்தான். குறையைச் சொல்லி விற்பவருக்காகவே எங்கள் வாதம்.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை, 2020 விதிகளில் ஒரு திருத்தம். தனிப்பட்ட முறையில் விற்பவருக்குக் கடைக்காரரின் கடமைகளிலிருந்து விலக்கு அப்படியே தொடரட்டும். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கும் உரிமை, அதே 48 மணி நேரம், அதே ஒரு மாதக் கெடுவோடு, அவருக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்க்கட்டும். விளம்பரத்துக்குக் காசு கட்டினாரா இல்லையா என்று பார்க்காமல் சேர்க்கட்டும்.

அதுவரை இருக்கிற வழிகளைப் பயன்படுத்துவோம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாருக்கு அவர் 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 7 நாளில் முடிவும் தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 2023 முதல் இயங்கும் மேல்முறையீட்டுக் குழுக்களிடம் 30 நாளுக்குள் போகலாம், அங்கே கட்டணம் இல்லை. பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் யாரிடம் சொல்வது என்று கூசி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாண்டிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எங்கள் அலுவலகத்தில் இந்தப் புகார்களை எழுதிக் கொடுக்கிறோம். விளம்பரத்தின் படம், உரையாடலின் படம், வந்த எண்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, பரிவர்த்தனை எண் இவற்றை எடுத்து வாருங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். வண்டி விற்றவர்கள் படிவத்தின் நகலும் வாங்கியவரின் அடையாள அட்டை நகலும் கொண்டுவந்தால் அன்றே மனு தயாராகிவிடும்.