மேட்டூரில் திறந்தால் மட்டும் போதுமா?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள். எத்தனை ஆயிரம் கன அடி என்ற கணக்கும் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி கடைமடைக்கு வந்துச்சா?" கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்தபிறகு எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எந்த மதகில் கூடுதலாகப் போகிறது என்பது அணை வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

வயல்காட்டில் இருப்பவருக்குத் தெரிந்த இந்த உண்மை, சாப்ட்வேர்காரர்கள் பலருக்கு இன்னும் உறைக்கவில்லை!

விஷயம் இதுதான் நண்பர்களே. இன்றைக்கு ஒரு ஆப் என்பது ஒரே புரோகிராம் அல்ல. லாகினுக்கு ஒரு கண்டெய்னர், பணம் கட்ட ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று. இந்தக் கூட்டத்தை மேய்க்கத்தான் கூகுள் 2014-ல் வெளியிட்ட குபெர்னெட்டிஸ். ஒரு கண்டெய்னர் செத்தால் இன்னொன்று எழுந்து வரும். எல்லாம் ஏபிஐ வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. வெளியிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால் உள்ளே பத்து, இருபது அழைப்புகள் பறக்கும். ஆனால் காவல் எங்கே? வாசலில் ஒரு ஃபயர்வால். அப்புறம் சிபியு, மெமரி பார்க்க ஒரு டாஷ்போர்டு. பச்சை விளக்கு எரிந்தால் சரி, எல்லோரும் டீ குடிக்கப் போகலாம்...

சிபியு-வை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? 2018-ல் டெஸ்லா நிறுவனத்தின் குபெர்னெட்டிஸ் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அதற்குள் திருடர்கள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே சிபியு பயன்பாட்டைக் குறைவாக வைத்திருந்தார்கள். டாஷ்போர்டு பச்சையாகத்தான் இருந்திருக்கும்! ஆனால் தோண்டியதை வெளியே அனுப்ப நெட்வொர்க்கைத் தொட்டே ஆகவேண்டும். எந்தக் கண்டெய்னர் யாரோடு பேசுகிறது என்று பார்ப்பவனிடம்தான் அவர்கள் சிக்குவார்கள்.

திருடனே வேண்டாம், சொந்த ஆட்களே போதும். 2025 மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12 என்று மூன்று வாரத்துக்குள் மூன்று முறை யூபிஐ படுத்தது. ஏப்ரல் 12-க்கு என்பிசிஐ கண்டுபிடித்த காரணம் ஹேக்கர் அல்ல. "அந்தப் பணம் போச்சா, போச்சா?" என்று சில வங்கிகளின் சிஸ்டங்கள் பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஏபிஐ அழைப்புகள்தான். அதன் பிறகுதான் ஏபிஐ போக்குவரத்தைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தச் சொல்லி மே மாதம் சுற்றறிக்கை வந்தது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் கேட்கலாம் என்றானது. வெள்ளம் வந்தபிறகு ஷட்டர் போட்டார்கள். அதுவரை கையில் காசில்லாமல் டீக்கடை வாசலில் நின்றவருக்கு யார் பதில் சொல்வது?

இது வங்கிகளுக்கு நடுவே நடந்தது. கிளஸ்டருக்குள்ளும் இதே கணக்குதான். மூன்று அடுக்கு சர்வீஸ்கள், ஒவ்வொன்றும் தோற்றால் மொத்தம் மூன்று முறை முயலும் என்று வையுங்கள். அடியில் இருக்கும் டேட்டாபேஸ் திணறினால் 3 × 3 × 3, ஒரு கோரிக்கைக்கு 27 அடி! ஏற்கெனவே விழுந்தவனை மிதிப்பது இதுதான்.

"பாலிசி எழுதியிருக்கிறோமே" என்பார்கள். குபெர்னெட்டிஸில் நெட்வொர்க் பாலிசி எழுதாவிட்டால் எந்தக் கண்டெய்னரும் எதோடும் பேசலாம். எழுதினாலும் அதை அமல்படுத்தும் நெட்வொர்க் பிளக்இன் வேண்டும். ஃபிளானலை மட்டும் போட்டுவிட்டு எழுதிய பாலிசி சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. யாரையும் தடுக்காது.

"செலவாகுமே", "எல்லாவற்றையும் பதிவு செய்தால் வாடிக்கையாளரின் ரகசியம் என்னாவது" என்று அடுத்த சாக்கு. ரகசியம் பற்றிய கவலை நியாயம்தான். ஆனால் கடிதத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. யார் யாருக்கு, எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில், எத்தனை தோல்வி... உறைமேல் எழுதியதே போதும். சிலியத்தின் ஹபிள், இஸ்டியோ, பிரோமிதியஸ் எல்லாமே திறமூலம். உரிமக் கட்டணம் கிடையாது. அவற்றை ஓட்ட மெஷினும் ஆளும் வேண்டும், உண்மை. யூபிஐ பல மணி நேரம் முடங்கியதன் விலை அதைவிடக் குறைவா?

கல்லூரிகளும் சும்மா இல்லை. டாக்கரில் ஒரு கண்டெய்னரை ஓடவிட்டுக் காட்டினால் புராஜெக்டுக்கு முழு மார்க்! அடுத்த வைவாவில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "தம்பி, இந்த சர்வீஸ் இப்போது யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவன் கட்டிய கிளஸ்டரில் ஊரார் பணத்தை வைக்கக்கூடாது.